மக்ஸ் மேட்டில் கிடைத்த பாடம்

உயர்நிலைப் பள்ளிகளின் ஆய்வுக்கூடங்களில் இரும்புத் தாங்கியொன்றில் தொங்கும் முதுகெலும்பு மாதிரியை நம் பிள்ளைகளிற் பலர் கண்டிருப்பர். கழுத்தில் 7, மார்பின் பின்னே 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள். அவற்றின் அடியில் முக்கோண வடிவான திரிக எலும்பு. அதன் நுனியில் சிறிய வால் எலும்பு. எல்லாம் பிளாஸ்டிக்கினால் வார்த்தவை. நடுவே ஓடும் நெகிழ்வான கம்பி அவற்றைக் கோத்து நிற்கிறது. ஆசிரியர் அதனைக் கையிலெடுத்து முன்னும் பின்னும் வளைத்துக் காட்டுகிறார். பாடம் அரை மணியில் முடிந்துவிடுகிறது.

இந்த எண்ணிக்கை புதியதன்று. 1037-இல் மறைந்த இப்னு ஸீனா தமது ‘அல்-கானூன்’ நூலின் முதற் பாகத்திலேயே 7, 12, 5 என்று முள்ளெலும்புகளை வகைப்படுத்திவிட்டார். அவருக்கும் முன்னே, கிரேக்க மருத்துவ மேதை ஜாலீனூஸ் இவற்றை விரித்துரைத்திருந்தார். ஆயினும், ஏட்டில் படித்ததை எலும்பிற் கண்டவர் எத்தனை பேர்? எலும்பைக் கண்ணாற் காண விரும்புவோர் அலெக்சாந்திரியாவுக்குச் செல்லட்டும், அங்கேதான் ஆசிரியர்கள் உண்மை எலும்பைக் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள் என்பது ஜாலீனூஸ் கூறிய யோசனை. செல்ல இயலாதோர் தற்செயலாய்க் கிடைப்பதைத் தவறவிடக்கூடாது என்றும் அவர் கருதினார். ஆற்று வெள்ளம் கல்லறையைக் குடைந்து வெளியே தள்ளிய ஓர் எலும்புக்கூட்டையும், மலைப்பாதையோரம் கிடந்த கொள்ளைக்காரன் ஒருவனின் எலும்புக்கூட்டையும் தாம் பார்த்ததை அவரே எழுதியுள்ளார்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, அதே எகிப்து நாட்டில், அத்தகைய தற்செயல் மிகக் கொடிய வடிவில் வந்தது.

பக்தாதில் 1162-இல் பிறந்த அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதீ பன்னூற் புலவர், மருத்துவர், சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் ஆதரவைப் பெற்றவர், கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தியவர். ஹிஜ்ரி 596-இல் (கி.பி. 1200) நைல் நதி 13 முழங்கூட உயரவில்லை. மறு ஆண்டும் பஞ்சம் நீடித்தது. மக்கள் நாய்களைத் தின்றனர். பின்னர் மனிதரை மனிதர் தின்ற கொடுமைகளையும் அவர் நடுங்கும் நெஞ்சோடு பதிவு செய்திருக்கிறார். கெய்ரோவில் மட்டும் 22 மாதங்களில் பதிவேட்டில் ஏறிய ஜனாஸாக்கள் ஏறக்குறைய 1,11,000. பதிவேட்டில் ஏறாமற் போனவர்களோ மிகப் பலர் என்கிறார் அவர்.

அவரிடம் ஜாலீனூஸின் உடற்கூற்று நூலைப் பாடங்கேட்ட மாணவர்கள் சொல்லின் துணைகொண்டு பொருளை விளங்கிக்கொள்ள மாட்டாது தவித்தனர். கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்னுமிடத்தில் அடக்குவாரற்றுக் குவிந்த எலும்புகள் ஒரு மேடாகவே கிடப்பதாகச் செய்தி வந்தது. அவர்கள் அங்கே சென்றனர். அம்மேட்டில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோரின் உடலங்கள் கிடந்திருக்கக்கூடும் என்பது அவர் மதிப்பு. எவர் உடலையும் அவர் அறுக்கவில்லை, எந்தக் கப்ரையும் தோண்டவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. கண் முன்னே கிடந்ததைக் கூர்ந்து நோக்கினார், அவ்வளவே.

கீழ்த்தாடை இரண்டு எலும்புகளின் சேர்க்கை என்பது ஜாலீனூஸின் கூற்று. அந்நாளில் அதனை மறுப்பார் எவருமில்லை. அப்துல் லத்தீஃப் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார். நடுவே பொருத்து இல்லை. கீழ்த்தாடை ஒரே எலும்பு! தம் கண்ணை மட்டும் நம்பாமல், தாம் இருக்கும்போதும் இல்லாதபோதும் பிறரைக் கொண்டு பார்க்கச் செய்தார். முடிவு மாறவில்லை. ஜாலீனூஸ் எத்துணை உயர்ந்தவராயினும், அவர் சொல்லைவிடப் புலன்களின் சாட்சியே வலியது என்று துணிந்து எழுதினார். குழந்தை பிறக்கையில் கீழ்த்தாடை இரு பாதியாகவே இருந்து முதல் ஆண்டிற்குள் ஒன்றிவிடுகிறது. நாய் முதலிய விலங்குகளில் அது இறுதிவரை ஒன்றாவதில்லை. ஜாலீனூஸ் பிழைபட்டதற்கு விலங்குகளை ஆராய்ந்ததே காரணமாகலாம்.

இந்தத் தாடைச் செய்தியைப் பலரும் எடுத்துரைப்பதுண்டு. எனக்கோ அதனை அடுத்து அவர் எழுதியுள்ள முதுகெலும்புச் செய்தியே மேலானதாகப் படுகிறது. திரிக எலும்பும் வால் எலும்பும் சேர்ந்து ஆறு எலும்புகள் என்பது ஜாலீனூஸின் கணக்கு. அப்துல் லத்தீஃப் முதலில் பார்த்தபோது அது ஒரே எலும்பாக இருந்தது. ஜாலீனூஸை மீண்டும் வீழ்த்திவிட்டோம் என்று அவர் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மற்றோர் உடலைப் பார்த்தார். அதில் ஆறு இருந்தன. மேலும் பல பார்த்தார். ஏனையவற்றிலும் ஜாலீனூஸ் சொன்னவாறே காணப்பட்டது, இரண்டைத் தவிர. எனவே தாடையைப் பற்றிக் கொண்ட உறுதி இதில் தமக்கில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார்.

இன்றைய அறிவு அவர் தயக்கத்துக்கு விளக்கம் தருகிறது. இளமையில் ஐந்து தனித்தனி முள்ளெலும்புகளாக இருப்பவை, பருவமெய்தியபின் மெல்ல மெல்ல இணைந்து, சுமார் 25 வயதில் ஒரே திரிக எலும்பாகின்றன. வால் எலும்பிலோ பெரும்பாலோர்க்கு நான்கு துண்டுகள், சிலர்க்கு மூன்று அல்லது ஐந்து. சிலருக்கு அது திரிக எலும்போடும் ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது அது வேறுபடும்.

மனிதன் மண்ணோடு மண்ணானபின்னும் எஞ்சுவது என்றும், மீண்டும் அவன் உருவாக்கப்படுவது அதிலிருந்தே என்றும் ஹதீஸில் வந்துள்ள ‘அஜ்புத் தனப்’ இந்த வால் எலும்பே என்பதை நம் வாசகர்கள் அறிவர்.

அவருடைய ‘கிதாபுல் இஃபாதா வல் இஃதிபார்’ என்ற அந்நூல் நெடுநாள் மருத்துவர் கைக்கு எட்டவில்லை. அது எகிப்து நாட்டு வருணனை நூலாயிற்றே! ஷீராஸ் நகரத்து மன்ஸூர் இப்னு இல்யாஸ் 1386 அளவில் தைமூரின் பேரர் பீர் முஹம்மதுக்குக் காணிக்கையாக்கிய பாரசீக உடற்கூற்று நூலில், பின்புறமிருந்து நோக்கிய முழு எலும்புக்கூட்டின் படம் உள்ளது. தலை பின்னோக்கிச் சாய, முகம் வானை நோக்க, முதுகெலும்பு நேர்கோடாய் இறங்குகிறது. வகுப்பில் மாட்டும் வரைபடங்களுக்கு அதனை முன்னோடி எனலாம். வெஸாலியஸ் 1543-இல் தாடை ஒன்றே என ஐரோப்பாவில் நிறுவியபோது அப்துல் லத்தீஃபின் பெயரை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் போகாக் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிலிருந்து கொண்டு சென்றது பதினேழாம் நூற்றாண்டில்தான்.

மருத்துவக் கல்லூரிகள் பெருகியதும் எலும்பு விற்பனைப் பண்டமாயிற்று. உலகத்து வகுப்பறைகளுக்கு எலும்புக்கூடு அனுப்பிய பெருஞ்சந்தை நம் நாட்டுக் கல்கத்தாவே. உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடல்கள் அதற்கு இரையாயின, கல்லறைகளும் கொள்ளையிடப்பட்டன. உயிருள்ளவரின் எலும்புக்குரிய கண்ணியம் மையித்தின் எலும்புக்கும் உண்டு என்னும் நபிமொழியை ஏற்ற நமக்கு இது நெஞ்சைச் சுடும் செய்தி. இந்திய அரசு 1985-இல் ஏற்றுமதியைத் தடை செய்தது. களவு வாணிகம் அதற்குப் பின்னும் மேற்கு வங்கத்தில் அவ்வப்போது பிடிபட்டது. எனினும் பிளாஸ்டிக் மாதிரிக்கு எங்கும் வரவேற்பு மிகுந்ததற்கு அத்தடையும் ஒரு காரணம்.

அந்த மாதிரி எவரையும் அவமதிப்பதில்லை, மலிவானது, கீழே விழுந்தாலும் உடைவதில்லை. பள்ளிக்கு அதுவே தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓர் அச்சில் வார்த்த ஆயிரம் மாதிரிகளிலும் திரிக எலும்பு ஒரே வகைதான். இரண்டாவதை எடுத்துப் பார்க்கும் மாணவன் முதலாவதையே மீண்டும் காண்கிறான். மக்ஸ் மேட்டில் ஆசிரியரைத் தயங்க வைத்த அந்த இரண்டு எலும்புக்கூடுகள் அவற்றில் இல்லை. மாதிரியைக் காட்டும் ஆசிரியர்தாம், இது ஒரு மனிதரின் எலும்பைப் பார்த்துச் செய்தது, உங்கள் முதுகில் இருப்பது இன்னும் ஐந்தாகவே இருக்கலாம் என்று சொல்லித் தர வேண்டும்.