அளநாட்டில் ஒரு நாள்

இத்தாலி நாட்டின் உம்பிரியா, தொஸ்கானா பகுதிகளுக்குச் செல்வோர், வழிகாட்டி ஒருவரின் துணையோடு ஸ்கூட்டரில் ஏறி, குன்றுகளின் மீதமைந்த இடைக்கால ஊர்களை ஒரே பகலில் சுற்றி வருவதுண்டு. புனித பிரான்சிஸ் பிறந்த அசிசி அத்தகைய ஊர்களில் ஒன்று. ஸ்கூட்டருங்கூட அந்த மண்ணின் பிள்ளைதான். 1946ஆம் ஆண்டு வெஸ்பாவை உருவாக்கிய பியாஜியோ நிறுவனம் தொஸ்கானாவின் பொந்தெதேராவில் உள்ளது. இச்செய்திகளை வாசித்த நாளில், நமது கம்பம் பள்ளத்தாக்கின் இடைக்காலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்னும் வினா நமக்குள் எழுந்தது.

வரலாற்றாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் கேட்டோம். “வண்டி உங்களிடம் இருக்கிறது, ஃபாதர், வழி என்னிடம் இருக்கிறது” என்றார். அடுத்த சனிக்கிழமை, காலைத் திருப்பலி முடிந்ததும், அவரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு தேனியிலிருந்து புறப்பட்டோம். நிற்க வேண்டிய இடத்தில் நம் தோளைத் தட்டுவது அவருடைய பொறுப்பு.

வீரபாண்டியைத் தாண்டும்போதே அவர் ஓர் எச்சரிக்கை தந்தார். “மலைமேல் ஊர்களைத் தேடாதீர்கள். அங்கே பகைவருக்கு அஞ்சி மனிதர் குன்றேறினார்கள். இங்கே குன்றுகளைக் காட்டுக்கு விட்டுவிட்டு, ஆற்றங்கரையில் நெல் விளைவித்தார்கள். நம் பழமை கீழேதான் கிடக்கிறது.”

சின்னமனூரில் முதல் தட்டு. இன்று வாழைத்தார் லாரிகளால் அடைபட்டுக் கிடக்கும் இவ்வூருக்குப் பாண்டியர் காலத்தில் அரிகேசரிநல்லூர் என்று பெயர். சுற்றியிருந்த நாடு அளநாடு. பாண்டியர் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளாக விளங்கும் சின்னமனூர்ச் செப்பேடுகள் கிடைத்தது இங்கேதான். பெரிய செப்பேட்டை வெளியிட்டவன் இராசசிம்ம பாண்டியன். காலம் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தன் 16ஆம் ஆட்சியாண்டில் நற்செய்கைப்புத்தூர் என்னும் ஊரை அந்தணர் ஒருவருக்குத் தானம் செய்ததே அதன் செய்தி. அந்தச் சிறு செய்தியைச் சொல்லுமுன் அவன் தன் குலப்பெருமை முழுவதையும் விரிக்கிறான். மதுரையில் சங்கம் வைத்தது, பாரதத்தைத் தமிழாக்கியது என்பவையெல்லாம் அங்கே முன்னோரின் செயல்களாக அணிவகுக்கின்றன.

அவனுக்கு நேர்ந்ததோ வேறு. சோழன் முதலாம் பராந்தகனிடம் தோற்று, முடியோடும் குலச்சின்னங்களோடும் ஈழத்துக்கு ஓடினான். அங்கும் உதவி கைகூடாமல், முடியை அங்கேயே விட்டுவிட்டுத் தன் தாய்வழி நாடாகிய கேரளத்துக்குச் சென்றான். அம்முடியைச் சோழர் கைப்பற்றியது, ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, இராசேந்திரன் காலத்தில்தான். முடி இழந்த வேந்தனின் செப்பேடு மட்டும் பிழைத்துக்கொண்டது. கோயில் வாசலில் தேநீர் அருந்தியபடியே நண்பர் இக்கதையைச் சொல்லி முடிக்க, கண்ணாடித் தம்ளர் ஆறிப்போயிற்று.

உத்தமபாளையத்தில் நாம் நெடுநேரம் நின்றோம். ஊருக்கு அருகே ஒரு பாறைக்குன்று. அடியில் கருப்பணசாமி கோயில். அந்தப் பாறைமுகத்தில் இரு வரிசைகளாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. ஏறத்தாழ 1,100 ஆண்டுப் பழமையுடையவை. ஐந்தலைப் பாம்பு குடைபிடிக்க நிற்பவர் பார்சுவநாதர். சிற்பங்களின் அடியில் வட்டெழுத்தில், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். அவற்றுள் ஒன்று அச்சணந்தி. யானைமலையிலும் அழகர்மலையிலும் பழனிக்கு அருகே ஐவர்மலையிலும் இதே துறவியின் பெயர் காணப்படுகிறது. ஸ்கூட்டரில் ஒரு நாள் சுற்றுவதற்கே இடுப்பு வலிக்கும் நாம், நடந்தே இத்தனை மலைகளையும் கண்ட அம்மனிதரை எண்ணிச் சற்று நாணினோம்.

இக்குன்றின் பழம்பெயர் திருக்குணகிரி. இன்று பள்ளத்தாக்கில் அப்பெயரை அறிந்தோர் மிகச் சிலர். இங்கே வழிபட்ட சமயத்தவர் மறைந்து எத்தனையோ தலைமுறைகள் ஆகிவிட்டன. பின் இச்சிற்பங்கள் கல்லுடைப்போர் கையில் சிக்காமல் எப்படித் தப்பின?

கோயிலில் விளக்கேற்றிக்கொண்டிருந்த மூதாட்டியிடம், பாறையில் இருப்பவர் யாரென்று கேட்டோம். “யாருன்னு தெரியாது சாமி. எங்க கருப்பனுக்கு முந்தியே இருக்காங்க. கருப்பன் காவலுக்கு இருக்கும்போது யாரு கை வைப்பா?” என்றார். நண்பர் நம்மைப் பார்த்துத் தலையசைத்தார்.

உரோமையின் பாந்தியன் இன்றளவும் நிலைத்திருப்பதற்கு ஒரு பெருங்காரணம், 609ஆம் ஆண்டு திருத்தந்தை நான்காம் போனிப்பாஸ் அதை ஆலயமாக அர்ச்சித்தது என்பதைக் குருமடத்தில் படித்திருக்கிறோம். அங்கே பழைய தெய்வங்களை அகற்றியே கட்டடத்தைக் காத்தார்கள். இங்கே எதையும் அகற்றாமல் காத்திருக்கிறார்கள். அதுவும் எந்த ஆணையும் இன்றி.

அந்தப் பாறையின் முன் நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. முன்பு நாம் பணியாற்றிய பங்கொன்றில், சுண்ணாம்புச் சுவரும் நாட்டு ஓடுமாக இருந்த பழைய ஆலயத்தை இடித்துப் புதிதாகக் கட்டினோம். மக்கள் விரும்பினார்கள், நாமும் விரும்பினோம். தரையில் பதித்திருந்த கல்லறைக் கற்கள் சில, அடித்தள நிரப்பலோடு போயின. ஒருநாள் முதியவர் ஒருவர் வந்து, “எங்க தாத்தா பேரு போட்ட கல்லு எங்க சாமி?” என்று கேட்டார். நாம் எதையோ சொல்லி அனுப்பிவைத்தோம். அவர் மறுபடி கேட்கவில்லை.

கோகிலாபுரம் வழியே இராயப்பன்பட்டிக்குத் திரும்பினோம். பனிமய அன்னையின் ஆலயத்தைக் கண்டு, திராட்சைப் பந்தலடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த இரகத்தை 1832இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் குரு ஒருவர் என்பர். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பந்தல்கள்தாம் ஊர்தோறும் படர்ந்து கிடக்கின்றன.

கம்பத்தை விரைந்து கடந்தோம். கூடலூரில் நண்பர் மலைமுகட்டைக் காட்டினார். அங்கேதான் மங்கலதேவி கோயில். 1963இல் பேராசிரியர் கோவிந்தராசனார் அதைக் கண்ணகி கோட்டமென அடையாளங்காட்டினார். சித்திரை முழுநிலா நாளில் மட்டுமே மக்கள் ஏற அனுமதியுண்டு. ஆக, பள்ளத்தாக்கில் மலையேறிக் குடியமர்ந்தவள், நீதி கேட்ட ஒரு பெண் மட்டுமே.

லோயர் கேம்ப்பில் பென்னிகுக் மணிமண்டபத்தின் முன் வண்டியை நிறுத்தினோம். 1895இல் நிறைவுற்ற பெரியாற்று அணையின் நீர்தான், இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவிக்கிறது. அது இடைக்காலக் கதையன்று என்று நண்பர் அவசரப்படுத்தவே, பொழுது சாயுமுன் திரும்பினோம்.

தேனியில் இறங்கும்போது அவர், “உங்கள் பங்கில் பழைய கல் ஏதும் உண்டா, ஃபாதர்?” என்றார். மறுநாள் பூசைக்குப் பின் உபதேசியாரை அழைத்து, கிணற்றடியில் துணி துவைக்கக் கிடக்கும் பலகைக்கல்லைப் புரட்டச் சொன்னோம். நால்வர் சேர்ந்து புரட்டினார்கள். அடியில் மண்ணும் இரண்டு தேள்களும் இருந்தன; எழுத்து ஏதும் இல்லை. உபதேசியார் கைகளைத் தட்டிக்கொண்டு, “சாமி, கோயில் பின்வாசல் படிக்கல்லுல ஏதோ கீறல் இருக்கு. அதையும் பார்த்துருவோமா?” என்றார்.