ஆறடி அகலத்தில் ஓர் அடுக்களை

புதிதாய் வீடு கட்ட எண்ணுவோர் முதலில் ஒரு தாளை எடுத்துக் கோடு போடுகின்றனர். வரவேற்பறைக்கு இவ்வளவு, படுக்கையறைக்கு இவ்வளவு, வண்டி நிறுத்த இவ்வளவு என்று பங்கிட்டுக்கொண்டே வந்து, எஞ்சி நிற்கும் மூலையைச் சமையலறை என்று குறிக்கின்றனர். அந்த மூலை எந்தத் திசையில் அமைய வேண்டும் என்பது குறித்து மட்டும் நெடுநேரம் விவாதம் நடக்கும். அக்கினி மூலை தப்பிவிடக் கூடாதே என்று நம் பங்குகளிலுள்ள குடும்பங்களும் கவலைப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையே எத்தனை எட்டு, அரிசி இருக்கும் இடத்திற்கு ஒருத்தி நாளொன்றுக்கு எத்தனை முறை போய்வர வேண்டும் என்னும் கேள்விகள் அங்கே எழுவதில்லை. அவற்றைக் கேட்க வேண்டியவள் அந்நேரத்தில் தாளின் அருகே இருப்பதில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கலக்க உள்ளே போயிருப்பாள்.

இக்கேள்விகளைக் கேட்டு, நடையை அளந்து, கண்ட விடையின்படி ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டிய வரலாறு ஒன்று உண்டு. அது முழுமை பெற்ற இடம் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரம். அதன் தொடக்கமோ அமெரிக்காவில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த கேத்தரின் பீச்சர் ஒரு போதகரின் மகள். 'டாம் மாமாவின் குடிசை' எழுதிய ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் தமக்கை. வேலையாட்களை நம்பியிராமல் குடும்பத்துப் பெண்ணே தன் வீட்டை நடத்துவது எப்படி என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் சிந்தித்தார். 1841-இல் இல்லப் பொருளியல் பற்றி ஒரு நூல் எழுதினார். 1869-இல் தங்கையுடன் சேர்ந்து வெளியிட்ட 'அமெரிக்கப் பெண்ணின் இல்லம்' என்னும் நூலில் ஒரு முன்மாதிரி வீட்டை வரைந்து காட்டினார். அதன் அடுக்களைக்கு அவர் எடுத்துக்கொண்ட உவமை நீராவிக் கப்பலின் சமையலறை. இருநூறு பேருக்குச் சமைக்க வேண்டிய பொருள்களையும் பாத்திரங்களையும் கப்பற் சமையற்காரன் கையெட்டும் தொலைவில் வைத்திருக்கிறான்; அப்படியிருக்க, வீட்டுப் பெண் மட்டும் நிலவறைக்கும் கொட்டகைக்கும் அலைவது ஏன் என்பது அவர் வாதம். மாவுப் பெட்டி, பிசையும் பலகை, கழுவு தொட்டி ஆகியவற்றைச் சன்னல் வெளிச்சத்தில் ஒரே வரிசையில் அமைத்தார். இதில் ஒரு முரண் உண்டு. 1822-இல் அவருக்கு மணம் பேசியிருந்தவர் கப்பல் விபத்தொன்றில் மாண்டார். அதன்பின் அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. தனக்கென்று நிலையான இல்லம் ஒன்றில்லாத பெண்தான் ஒரு நாட்டுக்கே இல்லத்தை வரைந்து கொடுத்தார்.

அடுத்து வந்தவர் கிறிஸ்டின் பிரெடரிக். அப்போது தொழிற்சாலைகளில் பிரெடரிக் டெய்லர் என்னும் பொறியாளரின் முறை பெயர் பெற்றிருந்தது. தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, வேண்டாததை நீக்கினால் வேலை பெருகும் என்பது டெய்லரின் கொள்கை. இதே கடிகாரத்தைக் கிறிஸ்டின் அடுக்களைக்குள் கொண்டுவந்தார். பாத்திரம் துலக்கும் ஒரு வேலையில் மட்டும் தாம் எண்பது தவறான அசைவுகளைச் செய்துவந்ததாக அவர் எழுதியிருக்கிறார். 1912-இல் ஒரு பெண்கள் இதழில் தொடராக வந்த அவருடைய கட்டுரைகள் மறு ஆண்டு நூலாயின. அடுப்பு, மேசை, தொட்டி, அலமாரி ஆகியவற்றிற்கிடையே பெண் நடக்கும் வழியைக் கோடுகளாக வரைந்து காட்டும் படங்கள் அந்நூலில் உண்டு. ஒன்றில் கோடுகள் சிக்கிய நூற்கண்டு போலக் கிடக்கும். இன்னொன்றில் ஒழுங்காக ஒரே திசையில் செல்லும். பின்னர் இந்நூல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. வியன்னாவில் ஓர் இளம்பெண் அதனைப் படித்தார்.

அவர் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி. 1897-இல் வியன்னாவில் பிறந்து, ஆஸ்திரியாவில் கட்டடக்கலை பயின்ற முதற்பெண்களுள் ஒருவரானவர். 1917-இல், மாணவியாயிருந்தபோது, தொழிலாளர் குடியிருப்புக்கான போட்டியில் கலந்துகொள்ள விரும்பினார். அவருடைய ஆசிரியர் ஆஸ்கர் ஸ்டிரனாட், ஒரு கோடு போடுவதற்கு முன் தொழிலாளர் எப்படி வாழ்கிறார்கள் என்று போய்ப் பார்த்து வா என்று அனுப்பிவைத்தார். இவர் போனார். ஒரே அறையில் பலர் உறங்குவதையும், அதே அறையில் அடுப்பெரிவதையும், ஈரத் துணி தொங்குவதையும் கண்டார். ஓர் ஆசிரியர் மாணவருக்குக் கொடுத்த அறிவுரைகளுள் இதனைவிடப் பயன் விளைத்தது அரிதென்றே நாம் கருதுகிறோம். பின்னாளில் அவர் தம் பெற்றோர் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தார். 1924-இல் அந்நோய் அவரையும் பற்றியது. காற்றும் வெளிச்சமும் அவருக்கு ஏட்டுப் பாடமல்ல.

1925-இல் பிராங்க்பர்ட் நகராட்சியின் கட்டடத் துறைப் பொறுப்பை ஏற்ற எர்ன்ஸ்ட் மே, போருக்குப்பின் வீடின்றித் தவித்த மக்களுக்காக ஐந்தாண்டுகளில் பன்னீராயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டுவித்தார். 1926-இல் லிஹோட்ஸ்கியைத் தம் குழுவிற்கு அழைத்தார். அங்கேதான் 'பிராங்க்பர்ட் அடுக்களை' பிறந்தது.

அதன் அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம் அளவில் ஆறேகால் அடிக்குப் பதினோரடி. இம்முறை உவமை கப்பலன்று, இரயில் வண்டியின் உணவுப் பெட்டி. நுழைந்ததும் ஒரு பக்கம் எரிவாயு அடுப்பு. எதிரே சன்னலின் கீழ் வேலைப் பலகை. மறுபக்கம் கழுவு தொட்டி. பலகையின் முன் உயரம் மாற்றக்கூடிய ஒரு சுழல் இருக்கை. காய் நறுக்குபவள் நின்றே சாக வேண்டியதில்லை, அமர்ந்து நறுக்கலாம். பலகையிலேயே வெட்டப்பட்ட துளையில் தோலைத் தள்ளினால் அடியிலுள்ள இழுப்பறையில் விழும். கழுவிய தட்டுகள் சாய்வுத் தட்டியில் நின்றபடி தாமே உலரும். துடைக்கும் வேலை மிச்சம். துணி தேய்க்கும் பலகை சுவரோடு மடிந்து நிற்கும். விளக்கு ஒரு தண்டவாளத்தில் தொங்கும். வேண்டிய இடத்திற்கு நகர்த்திக்கொள்ளலாம். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பருப்புக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். கைப்பிடியோடு உருவி, முனைவழியே நேராகப் பாத்திரத்தில் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரத்தாலான பெட்டி. அம்மரத்தை மாவுப் பூச்சி அண்டாது என்று நம்பினர். மரச் சாமான்களுக்கு நீலங்கலந்த பச்சை வண்ணம் பூசினர். அவ்வண்ணத்தில் ஈ உட்காராது என்று ஆய்வாளர் சிலர் சொன்னதே காரணம். கூடத்திற்குச் செல்லும் வழியில் ஓர் இழுப்புக் கதவு. அதனைத் திறந்து வைத்தால், சமைக்கும் தாய் கூடத்தில் விளையாடும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உணவு மேசைக்கும் அடுப்புக்கும் உள்ள தொலைவு மூன்று மீட்டருக்குள் இருக்கும்படி கணக்கிட்டனர்.

இவ்வடுக்களை வீட்டோடு சேர்த்தே கட்டிக் கொடுக்கப்பட்டது. அலமாரி வாங்கும் செலவு குடியிருப்பவருக்கு இல்லை. ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் அமைந்தது. இன்று நம் நகரங்களில் கடைகடையாக விற்கும் 'மாடுலர்' சமையலறைக்கு முன்னோடி இதுவே என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர்.

இத்தனையும் பெண்ணின் உழைப்பை மதித்துச் செய்யப்பட்டவை என்பதில் நமக்கு ஐயமில்லை. அவள் கால் வலியை ஒரு நகராட்சி தன் கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதே பெரிய செய்தி. ஆயினும் குடியேறியவர்கள் முணுமுணுத்தனர். பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் இழுப்பறைகள் இருந்தன. அவர்கள் உருவிக் கொட்டினர். பெயர் பொறித்த பெட்டியில் அந்தப் பொருளைத்தான் வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் ஒத்துவரவில்லை. முழுவதும் மின்சாரத்தில் இயங்கிய ரோமர்ஸ்டாட் குடியிருப்பில் மின்கட்டணம் கசந்தது. இவையெல்லாம் சிறு குறைகள், திருத்திவிடலாம். திருத்த முடியாத குறை ஒன்றிருந்தது. அவ்வடுக்களையில் ஒருவர் மட்டுமே வேலை செய்ய இயலும்.

அதற்குமுன் ஜெர்மானியத் தொழிலாளர் வீட்டில் அடுக்களையும் கூடமும் ஒன்றே. அடுப்பெரியும் அறைதான் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான அறை. அங்கே கிழவி காய் நறுக்குவாள், பையன் பாடம் படிப்பான், வேலையிலிருந்து வந்த கணவன் காலணியைக் கழற்றுவான். புகையும் ஈரமும் நோயும் அங்கேதான் இருந்தன. பேச்சும் அங்கேதான் இருந்தது. லிஹோட்ஸ்கி புகையைப் பிரித்தெடுக்க முயன்றார். பேச்சும் கூடவே போய்விட்டது. பலர் அந்த ஆறடி அகலத்தில் ஒரு சாப்பாட்டு மேசையைத் திணிக்கப் பார்த்தார்கள். இடம் கொள்ளவில்லை. திட்டமிட்டவர்கள் குடியிருப்போருக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்றார்கள். இவ்விடத்தில் நாம் குடியிருந்தவர்கள் பக்கமே நிற்க விரும்புகிறோம். மேசையைத் திணித்தவர்கள் அறியாமையால் திணிக்கவில்லை. துணைக்கு ஆள் வேண்டித் திணித்தார்கள்.

ஓர் இடத்தில் ஒருவரே நிற்க முடியும் என்று சுவர் எழுப்பிவிட்டால், நிற்பவர் யார் என்பதும் தீர்ந்துபோகிறது. மகன் உதவிக்கு வந்தாலும் இடிக்கும். கணவன் வந்தாலும் இடிக்கும். விலகி நிற்பதற்கு அவர்களுக்குக் கட்டடமே சாக்காகிறது.

மிச்சமான நேரம் எங்கே போயிற்று என்று கேட்போரும் உண்டு. லிஹோட்ஸ்கியின் விடை தெளிவானது. பெண் வெளியே சென்று வேலை செய்யவும் படிக்கவும் ஓய்வெடுக்கவும் அந்நேரம் உதவ வேண்டும் என்றே அவர் விரும்பினார். நடந்தது வேறு. வெளிவேலைக்குச் செல்லாத அமெரிக்க இல்லத்தரசிகளின் வாரக் கணக்கை ஜோன் வானெக் என்னும் ஆய்வாளர் 1974-இல் ஒப்பிட்டுக் காட்டினார். 1920-களில் வாரத்திற்கு 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தவர்கள், எல்லா எந்திரங்களும் வந்துவிட்ட 1960-களில் 55 மணி நேரம் செய்தார்கள். துணி துவைப்பது எளிதானதும் அடிக்கடி துவைக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் 2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டாள்; ஆண் 97 நிமிடம். இந்த 97 நிமிடமும், அவ்வேலையில் ஈடுபட்ட ஆண்களை மட்டும் எண்ணிக் கண்ட கணக்கு.

நம்முடைய பழைய அடுக்களையைப் புகழ்ந்து பேச நாம் இதனை எழுதவில்லை. புகைக்கூண்டு இல்லாத விறகடுப்பின் முன் ஊதுகுழலோடு குனிந்து, கண் எரிந்து, நெஞ்சு கமறிய நம் தாய்மாரின் நினைவு அதற்கு இடங்கொடாது. ஆனாலும் அரிவாள்மனையும் அம்மியும் ஆட்டுக்கல்லும் தரையில் இருந்த காலத்தில் வேலை ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்கவில்லை. தாழ்வாரத்தில் ஒருத்தி ஆட்டுவாள், ஒருத்தி தள்ளிவிடுவாள்; முற்றத்தில் மற்றொருத்தி முறத்தில் புடைப்பாள். வழியே போகும் அண்டை வீட்டுக்காரியும் உட்கார்ந்து இரண்டு முருங்கைக் கீரை உருவிவிட்டுப் போவாள். எரிவாயு அடுப்பு வந்து, அதற்கொரு மேடை வந்தது. வேலை எழுந்து நின்றது. நின்ற இடம் சுவரைப் பார்த்த இடம். சுவரைப் பார்த்து நிற்பவளின் முதுகுதான் கூடத்தில் அமர்ந்திருப்போருக்குத் தெரியும்.

வேறு வழிகளும் முயன்று பார்க்கப்பட்டன. வியன்னாவில் 1920-களில் எழுந்த ஹைம்ஹோப் என்னும் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே அடுக்களை. சம்பளம் பெறும் ஊழியர் சமைத்தனர். வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அது வரமாயிருந்தது. ஆனால் அம்முறை நிலைக்கவில்லை. அமெரிக்காவில் பதினொரு பிள்ளைகளோடு 1924-இல் கைம்பெண்ணான பொறியியல் அறிஞர் லில்லியன் கில்பிரெத், பெண்ணின் உயரத்திற்கேற்ப மேடையின் உயரம் மாற வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் வீட்டில் சமைத்தவர் வேறொருவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லிஹோட்ஸ்கியும் அப்படித்தான். பிராங்க்பர்ட் அடுக்களையை வரைந்த நாளில் தாம் ஒரு குடும்பத்தையும் நடத்தியதில்லை, சமைத்ததும் இல்லை என்று முதுமையில் அவரே ஒப்புக்கொண்டார். அதனைக் குறையாக அவர் கருதவில்லை. அளந்து பார்த்தேன், கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்பதே அவர் நிலை. அவரை எரிச்சலூட்டியது வேறு. 1930-இல் மேயுடன் சோவியத் நாட்டுக்குச் சென்று புதிய நகரங்களுக்காக உழைத்தவர். 1940 டிசம்பரில், ஹிட்லரை எதிர்த்த மறைமுக இயக்கத்திற்கு உதவத் துருக்கியின் பாதுகாப்பை விட்டுத் தாமே வியன்னா திரும்பியவர். சில வாரங்களில் பிடிபட்டு, பதினைந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படையினரால் விடுவிக்கப்பட்டவர். போருக்குப்பின் பொதுவுடைமைக் கட்சியினர் என்பதால் அவருக்கு வேலை தருவோர் அருகினர். கிடைத்த சிலவற்றுள் வியன்னாவின் குழந்தைகள் பள்ளிகளும் அடங்கும். இத்தனைக்கும் பிறகு, பார்க்க வந்தவரெல்லாம் அந்த ஒரே அடுக்களையைப் பற்றித்தான் கேட்டார்கள். இப்படியாகும் என்று தெரிந்திருந்தால் அதனைக் கட்டியே இருக்கமாட்டேன் என்று அவர் சலித்துக்கொண்டார்.

2000-ஆம் ஆண்டு ஜனவரியில், தம் 103-ஆம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு, அவர் மறைந்தார். பிராங்க்பர்ட்டில் புதுப்பிக்கப்பட்ட வீடொன்றிலும் வியன்னா அருங்காட்சியகத்திலும் அவருடைய அடுக்களையை இன்றும் காணலாம். சன்னலின் கீழ் வேலைப் பலகையும், அதன் முன் அந்தச் சுழல் இருக்கையும் அவர் வரைந்தபடியே இருக்கின்றன.