சான்றுப்பொருளும் காட்சிப்பொருளும்

கொல்கத்தாவின் ஆச்சார்ய பிரஃபுல்ல சந்திர சாலையில் ராஜா ராம்மோகன் ராய்க்கு உரியதாயிருந்த மாளிகை, இன்று அந்நகரக் காவல்துறையின் அருங்காட்சியகம். வங்கப் புரட்சியாளரிடமிருந்து கைப்பற்றிய ஆயுதங்களுக்கிடையே அங்கே ஒரு புத்தகமும் இருக்கிறது.

ஹெர்பர்ட் புரூம் எழுதிய ஆங்கிலப் பொதுச்சட்ட விளக்கநூல் அது. தாள்களைக் குடைந்து, உள்ளே கோகோ டப்பாவில் வெடிமருந்தை அடைத்து, திறந்தால் வெடிக்கும்படி அமைத்தவர் பாரிஸில் குண்டுத் தயாரிப்பைக் கற்றுத் திரும்பிய ஹேமசந்திர கானுங்கோ. 1908-இன் தொடக்கத்தில் அது நீதிபதி கிங்ஸ்ஃபோர்டின் வீட்டில் சேர்ப்பிக்கப்பட்டது. முந்தைய ஆண்டில் சுசில் சென் என்னும் சிறுவனுக்குக் கசையடி விதித்தவர் அவர். அவரோ பொதியைப் பிரிக்காமலே வைத்துவிட்டார்.

பின்பு முசாபர்பூருக்கு மாற்றலாகிச் சென்றார். ஏப்ரல் 30 அன்று அவருடைய வண்டி என்றெண்ணி குதிராம் போசும் பிரஃபுல்ல சாகியும் எறிந்த குண்டு, கென்னடி குடும்பத்துப் பெண்கள் இருவரின் உயிரைப் பறித்தது. ஆகஸ்ட் 11 அன்று குதிராம் தூக்கிலிடப்பட்டார். வெடிக்காத புத்தகத்தைக் காவல்துறை பின்னரே கண்டெடுத்தது.

நீதிமன்றத்தில் முன்வைக்கும் சான்றையும் அருங்காட்சியகத்தில் வைக்கும் பொருளையும் ஆங்கிலம் 'எக்ஸிபிட்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழோ சான்றுப்பொருள், காட்சிப்பொருள் எனப் பிரித்துரைக்கிறது. குற்றத்தின் தடயமாகக் காக்கப்பட்ட பொருள், 1947-க்குப் பின் தியாகத்தின் நினைவாயிற்று. பொருள் மாறவில்லை, அதைக் காத்த நிறுவனமும் பெருமளவு தொடர்கிறது, சொல்லின் பொருளே மாறியது.

ஆனால், தெரிவு மாறியதா என்பதே கேள்வி. இரகசியச் சங்கங்கள் தம் தடயங்களைத் தாமே அழித்தன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி காவல்துறை சேர்த்தது. குற்றம் எனக் கண்டதையே அது சேர்த்தது. ஆகவே துப்பாக்கி கிடைக்கிறது. தலைமறைவானவருக்குச் சோறிட்ட கைகள் கிடைப்பதில்லை. வழக்கின் கதை வீரக்கதையாக மாறியபோதும் கென்னடி பெண்களுக்கு அதில் ஒரு வரிக்குமேல் இடமில்லை.

எனவே காவல் ஆவணங்களைக் கொண்டு வரலாறு எழுதுவோர் 'பயங்கரவாதி' என்பதைப் 'புரட்சியாளர்' எனத் திருத்தினால் மட்டும் போதாது. எது சான்றாகத் தகும் என்று முதலில் முடிவு செய்தவர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும்.