2.776

படப்பையில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு சின்ன லேத் பட்டறை. அங்கே க்யூ.சி. மேசைக்கு மேலே, எண்ணெய்க் கறை ஏறிய தாள் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும். வரிசை வரிசையாக எண்கள். அதில் ஓர் எண்ணின் மேல் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் காகிதம் கறுத்துவிட்டது: 2.776. அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில், இந்த எண் இங்கே எப்படி வந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

அதன் பிறந்த ஊர் டப்ளின். கின்னஸ் பீர் ஆலையில் 1899இல் வேலைக்குச் சேர்ந்தவர் வில்லியம் சீலி காஸெட். பார்லியையும் ஹாப்ஸையும் சோதிக்க வேண்டும். கையில் கிடைப்பதோ நாலைந்து மாதிரி. அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கில் அளவுகள் கேட்டது. நாலே அளவை வைத்துக்கொண்டு சராசரியை எவ்வளவு நம்பலாம்? 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்டிருந்தன. காஸெட் அவற்றை 3,000 அட்டைகளில் எழுதினார். நன்றாகக் கலைத்தார். நாலு நாலாக எடுத்து 750 மாதிரிகள் ஆக்கினார். தன் சூத்திரம் சொல்வதும் அட்டைகள் காட்டுவதும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தார். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றும். ஆலை ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வு வெளியிட அனுமதி இல்லாததால், 1908இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் கட்டுரை வந்தது.

அதில் இருந்த அட்டவணைக்கு வேறு முகம். ஆர். ஏ. ஃபிஷர் அதை மாற்றி அமைத்து 1925இல் தன் நூலில் அச்சிட்டபோதுதான் 2.776 இன்றைய உருவத்துக்கு வந்தது. 1937இல் ஜெர்சி நெய்மன் நம்பிக்கை இடைவெளியின் கோட்பாட்டை விரிவாக எழுதினார்.

இந்தியாவுக்கு இந்த எண்ணின் மூதாதை கப்பலில் வந்தது. 1915இல் கேம்பிரிட்ஜிலிருந்து கல்கத்தா திரும்பிய மகலனோபிஸ், ‘பயோமெட்ரிகா’ தொகுதிகளை வாங்கி வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்தார். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆலைத் தரக்கட்டுப்பாட்டின் முன்னோடியான வால்டர் ஷூஹார்ட் 1947–48இல் இங்கே வந்து போனார். 1998இல் சென்னை பாடியின் சுந்தரம்–கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு தரத்துக்கான டெமிங் விருது பெற்றது. இந்தியாவில் அதுதான் முதல். அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான். பெரிய ஆலை கேட்கும் கணக்கு, அதற்கு உதிரி பாகம் போடும் பட்டறை வரை இறங்கத்தான் செய்யும். அப்படித்தான் எண் படப்பைச் சுவருக்கு வந்து சேர்ந்தது.

அது வேலை செய்வதைக் கிட்டத்தில் பார்க்கலாம். புஷ் ஒன்று, டிராயிங்கில் ஓ.டி. (வெளிவிட்டம்) 12 மி.மீ., டாலரன்ஸ் இருபுறமும் 20 மைக்ரான். சி.என்.சி.யிலிருந்து கடைசியாக விழுந்த ஐந்து பீஸைத் துடைத்து மைக்ரோமீட்டரில் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ.க்கு மேல் 4, 9, 6, 11, 5 மைக்ரான்.

“அஞ்சும் கேஜ்ல ஓகே ஆயிடுச்சு, அப்புறம் என்னண்ணா?” என்பார் ஆபரேட்டர்.

சராசரி 7. திட்ட விலக்கம் 2.9. அதை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.3. இப்போது சுவரைப் பார்த்து, ஐந்து பீஸுக்கான எண்ணான 2.776ஆல் பெருக்க வேண்டும்: 3.6. ஆக, மெஷினின் உண்மையான சராசரி 3.4க்கும் 10.6க்கும் நடுவே என்று சொல்லலாம். இந்த முறையில் போடும் இடைவெளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உண்மையைப் பிடிக்கும். சுழி, அதாவது டிராயிங் கேட்கும் 12 மி.மீ., அதற்குள் இல்லை. கருதுகோள் சோதனையும் அதையே சொல்கிறது: 7ஐ 1.3ஆல் வகுத்தால் ஐந்துக்கு மேல், 2.776ஐத் தாண்டிவிட்டது. இன்செர்ட் தேய்ந்திருக்கிறது, தேயத் தேய ஓ.டி. ஏறும். ஐந்து பீஸும் நல்லவை, ஆனால் செட்டிங் நகர்ந்துவிட்டது.

நிறைய பீஸ் அளந்திருந்தால் பெருக்கும் எண் 1.96ஐ நெருங்கும். ஐந்தை மட்டும் பார்த்துவிட்டு ஐயாயிரத்தைப் பற்றிப் பேசுவதற்கு நாம் கட்டும் வட்டிதான் அந்த வித்தியாசம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை மூன்றே பீஸ் அளந்து, சோதனையில் எதுவும் தேறாததால் ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லாட் முழுவதும் திரும்பி வந்தது. சோதனை சொன்னது ‘வித்தியாசம் தெரியவில்லை’ என்று. ‘இல்லை’ என்று எழுதியது நான். மூன்று பீஸுக்கான எண் 4.303. இடைவெளியையும் போட்டிருந்தால் அதன் அகலமே என் கையைப் பிடித்திருக்கும். அதிலிருந்து முடிவை மட்டும் எழுதுவதில்லை, இடைவெளியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆபரேட்டர் ஆஃப்செட்டில் 7 மைக்ரான் குறைக்கிறார். அடுத்த ஐந்து பீஸ்: சராசரி 1, இடைவெளி –2.6 முதல் 4.6 வரை. சுழி உள்ளே வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் அந்த இரண்டு எண்களையும் எழுதி டிரேயின் மேல் செருகினால், வாசலில் நிற்கும் குட்டியானை ஒரகடத்துக்குக் கிளம்பும்.