லேப்டாப் வாரண்டி: எந்த நிறுவனம் என்ன தருகிறது? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் லேப்டாப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. குடும்பச் சேமிப்பிலிருந்து எடுத்தோ, வளைகுடாவில் உழைக்கும் தந்தையோ அண்ணனோ அனுப்பிய பணத்திலோ வாங்கும் பொருள் இது. ராம் எவ்வளவு, பிராஸஸர் எது என்று பத்துப் பேரிடம் விசாரிக்கும் நாம், பழுதானால் யார், எங்கே, எத்தனை நாளில் சரி செய்து தருவார்கள் என்று விசாரிப்பதில்லை. தேர்வு நேரத்தில் லேப்டாப் நின்றுவிடும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது.

"எந்த கம்பெனி நல்லது?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இரண்டு விதமான வாரண்டி இருக்கும். ஆகவே, நாம் வாங்கும் மாடலுக்கு, நம் ஊரில் என்ன சேவை கிடைக்கும் என்பதையே பார்க்க வேண்டும்.

வாரண்டி என்பது ஓர் ஒப்பந்தம்

வாங்கும்போதே பொருளில் குறை இருந்திருந்தால் அதைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்று குறிப்பிடுகின்றன. வாரண்டி அதற்கும் மேலே ஒரு வாக்குறுதி. குறிப்பிட்ட காலத்திற்குள் தயாரிப்புக் குறையால் வரும் பழுதைச் சரி செய்து தருவதாகத் தயாரிப்பாளர் ஏற்றுக்கொள்கிறார். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஸூரத்துல் மாயிதாவின் முதல் வசனம் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. நிறைவேற்ற வேண்டுமானால், அதில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் விற்கும் லேப்டாப்களுக்குப் பெரும்பாலும் 1 ஆண்டு வாரண்டி. மதர்போர்டு, டிஸ்பிளே, கீபோர்டு போன்றவை தாமாகப் பழுதானால் இதில் சேரும். கீழே விழுந்து உடைந்தது, தண்ணீரோ தேநீரோ கொட்டியது, மின்னழுத்தம் ஏறி எரிந்தது ஆகியவை சேராது. நாளடைவில் பேட்டரி நிற்கும் நேரம் குறைவதும் பொதுவாகச் சேராது.

சேவை முறை இரண்டு. டெக்னீஷியன் வீட்டிற்கே வருவது 'ஆன்சைட்'. நாமே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு செல்வது 'கேரி இன்'. சென்னையில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கீழக்கரையிலோ அதிராம்பட்டினத்திலோ இருப்பவருக்கு, கேரி இன் என்றால் வெளியூர்ப் பயணம் தேவைப்படலாம். வாங்க ஒரு முறை, கொடுக்க ஒரு முறை. ஆன்சைட் என்று எழுதியிருந்தாலும் நம் பின்கோடுக்கு அது உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

நிறுவனம் வாரியாக

டெல்: பெரும்பாலான மாடல்களுக்கு ஆன்சைட் சேவை தருகிறது. ஆனால் முதலில் போனிலோ இணையத்திலோ பரிசோதனை நடக்கும். பாகம் மாற்ற வேண்டும் என்று உறுதியான பிறகே ஆள் வருவார். அடிப்பக்கத்தில் உள்ள 7 எழுத்து 'சர்வீஸ் டேக்' தான் எல்லாவற்றுக்கும் சாவி.

ஹெச்பி: மாடலைப் பொறுத்து ஆன்சைட் அல்லது கேரி இன். கூடுதல் கால வாரண்டியை 'கேர் பேக்' என்ற பெயரில் விற்கிறது. பல மாடல்களில் எஃப்என், எஸ்கேப் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் சீரியல் நம்பர் திரையில் வரும்.

லெனோவா: ஐடியாபேட் வேறு, திங்க்பேட் வேறு. திங்க்பேட் வரிசைக்குக் கழற்றிப் பழுது பார்க்கும் கையேட்டை நிறுவனமே இணையத்தில் வெளியிடுகிறது. வாரண்டி முடிந்த பிறகு உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுக்கவும் இது உதவும்.

ஏசர், ஆசுஸ்: விலை குறைவு என்பதால் மாணவர்கள் அதிகம் வாங்குகின்றனர். இவற்றில் மாடலுக்கு மாடல் சேவை முறை மாறுவதால், பெட்டியிலும் இணையதளத்திலும் உள்ள வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆசுஸ் லேப்டாப்பில் வரும் 'மைஆசுஸ்' செயலியில் வாரண்டி முடியும் தேதியைப் பார்க்கலாம்.

ஆப்பிள்: 1 ஆண்டு வாரண்டி, அதோடு போன் வழித் தொழில்நுட்ப உதவி 90 நாட்களுக்கு இலவசம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கே கொண்டு செல்ல வேண்டும். வாரண்டிக்கு வெளியே போர்டு மாற்ற நேர்ந்தால் செலவு மிக அதிகம்.

எந்த நிறுவனமானாலும் வாங்கிய அன்றே அதன் இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்கள். கடையில் பல மாதம் கிடந்த லேப்டாப்பாக இருந்தால், வாரண்டி முன்பே தொடங்கியதாகக் காட்டக்கூடும். பில்லை அனுப்பினால் தேதியைத் திருத்தித் தருவார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. பில்லைப் படமெடுத்து மெயிலில் போட்டு வைப்பது அதில் ஒரு சிறு பகுதி.

வளைகுடாவிலிருந்து கொண்டு வரும்போது

துபாயிலோ ஜித்தாவிலோ வாங்கி ஊருக்கு அனுப்பும் லேப்டாப்பில்தான் ஏமாற்றம் அதிகம். ஆப்பிளின் மேக் வாரண்டி பொதுவாக மற்ற நாடுகளிலும் செல்லும். ஏசரில் 'இன்டர்நேஷனல் டிராவலர்ஸ் வாரண்டி', லெனோவாவில் 'இன்டர்நேஷனல் வாரண்டி சர்வீஸ்' என்று குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டும் உண்டு. டெல் லேப்டாப்பை வேறு நாட்டில் நிரந்தரமாகப் பயன்படுத்துவதானால், சர்வீஸ் டேக்கை அந்த நாட்டிற்கு மாற்றும்படி விண்ணப்பிக்க வேண்டும். அந்த மாடல் இந்தியாவில் விற்கப்படாததாக இருந்தால், வாரண்டி இருந்தும் பாகம் கிடைக்கத் தாமதமாகும். அரபு எழுத்துள்ள கீபோர்டுக்கு மாற்றும் அப்படித்தான். அங்கே விலை சற்றுக் குறைவு என்பதோடு இவற்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

குடும்பப் படங்கள் ஓர் அமானத்

சர்வீஸில் நம் கோப்புகள் அழிந்தால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்பதில்லை. வீட்டுப் பெண்களின் படங்கள், வங்கி விவரங்கள் உள்ள லேப்டாப்பை அப்படியே பிறர் கையில் கொடுப்பது சரியல்ல. இயங்கும் நிலையில் இருந்தால், வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு அவற்றை அழித்துக் கொடுங்கள். டெல், ஹெச்பி, லெனோவா ஆகியவை பழுதான டிஸ்கை நாமே வைத்துக்கொள்ளும் வசதியைத் தனிக் கட்டணத்தில் தருகின்றன. அலுவலகம் நடத்துவோருக்கு அது பயன்படும்.

கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி அழைக்காதீர்கள். போலி எண்களைப் போட்டு, லேப்டாப்பைத் தூரத்திலிருந்தே இயக்கும் செயலியை நிறுவச் சொல்லிப் பணம் பறிப்போர் இருக்கின்றனர். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

நம் தரப்பு நேர்மை

தேநீர் கொட்டிய லேப்டாப்பைத் துடைத்து, "தானாக நின்றுவிட்டது" என்று சொல்லி இலவசமாக மாற்றிக்கொள்வதைச் சிலர் சாமர்த்தியமாக நினைக்கின்றனர். இது பொய். உரிமையில்லாத பொருளைப் பொய் சொல்லிப் பெறுவது ஹராம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தியை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். அது விற்பவருக்கு மட்டுமல்ல, குறையை மறைக்கும் எல்லோருக்கும் பாடம். பழைய லேப்டாப்பை விற்கும்போதும் வாரண்டி முடிந்ததையும் பழுது பார்த்ததையும் சொல்லியே விற்க வேண்டும்.

கூடுதல் வாரண்டி வாங்கலாமா?

விலையோடு சேர்ந்து வரும் வாரண்டியில் தடையில்லை. தனியே பணம் கட்டி வாங்கும் கூடுதல் வாரண்டி விஷயத்தில் இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பழுது வருமா வராதா என்று தெரியாமல் கட்டுவதால் காப்பீட்டைப் போன்று 'கரர்' உள்ளது என்று தடுப்போர் உள்ளனர். தயாரிப்பாளரே செய்து தரும் சேவை ஒப்பந்தம் என்ற அடிப்படையில் அனுமதிப்போரும் உள்ளனர். கடைகளில் விற்கும் திட்டங்களில் சில வேறு காப்பீட்டு நிறுவனங்களுடையவை. அவற்றில் இன்னும் எச்சரிக்கை தேவை. உங்கள் ஊர் ஆலிமிடம் திட்டத்தின் வாசகத்தைக் காட்டிக் கேட்டு முடிவெடுங்கள்.

நியாயமான சேவையை மறுத்தால்

ஒவ்வொரு புகாருக்கும் எண் வாங்கி, பேச்சை மெயிலிலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. உரிமையைக் கேட்பது சண்டையல்ல. பில்லும் உண்மையும் கையில் இருந்தால் தயங்கத் தேவையில்லை.

நம் கொடுக்கல் வாங்கல்களில் நேர்மையையும் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.