ஹாலோவீன்: ஒரு திருத்தம்



அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி நேற்று பேசினாள். "சார், பையன் எலும்புக்கூடு வேஷம் போட்டுக்கிட்டு ஹாலோவீனுக்குப் போகணும்னு அடம்பிடிக்கிறான். ஊர்ல அத்தை, அது சாத்தான் பண்டிகை, அனுப்பாதேங்கிறாங்க. என்ன செய்யட்டும்?"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. முன்பு வகுப்பில் ஒரு பையன் இதைப் பற்றிக் கேட்டபோது, "வெள்ளைக்காரனின் பேய்த் திருவிழா, உட்கார்" என்று ஒரே வரியில் முடித்தவன் நான். அந்தப் பாக்கியை இன்று தீர்க்கிறேன்.

முதலில் பெயர். 'ஹாலோ' என்றால் பழைய ஆங்கிலத்தில் புனிதர். 'ஈன்' என்பது மாலை என்ற சொல்லின் சுருக்கம். நவம்பர் 1 புனிதர் அனைவரின் திருநாள். அதற்கு முந்தைய மாலையான அக்டோபர் 31தான் ஹாலோவீன். பெயரில் பேயே இல்லை!

பேய் வந்த வழி வேறு. அயர்லாந்தில் இதே சமயத்தில் 'சௌவின்' என்று ஒரு விழா இருந்தது. மலை மேய்ச்சலிலிருந்து மாடுகளை வீட்டுக்கு ஓட்டிவரும் காலம், இருண்ட குளிர்காலத்தின் தொடக்கம். அன்றிரவு மறு உலகத்தின் கதவு திறக்கும் என்று நம்பினார்கள். பெரிய தீ மூட்டினார்கள்.

9ஆம் நூற்றாண்டில், போப் நான்காம் கிரிகோரி காலத்தில், நவம்பர் 1 புனிதர் திருநாளாகப் பரவியது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் குளூனி மடத் தலைவர் ஓடிலோ, இறந்தவர் எல்லாருக்காகவும் ஜெபிக்க நவம்பர் 2ஐ ஒதுக்கினார். நம் ஊர்க் கத்தோலிக்கர்களின் கல்லறைத் திருநாள் அதுதான்.

இங்கிலாந்தில் அந்த நாட்களில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போவார்கள். அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபித்து, அதற்காகவே சுட்ட சிறு ரொட்டியை வாங்கிக்கொள்வார்கள். இன்று பிள்ளைகள் மிட்டாய் கேட்கும் வழக்கத்தின் வேர்களில் இதுவும் ஒன்று.

அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் ஊரை விட்டுக் கப்பலேறினார்கள். அமெரிக்கா போனவர்கள் கையோடு இந்த வழக்கத்தையும் கொண்டுபோனார்கள். அங்கே பரங்கிக்காய் பெரிது, குடைவதும் எளிது. விளக்கு அதற்குள் குடியேறியது. கடைகளில் நாம் பார்க்கும் அந்தச் சிரிக்கும் காய்க்குப் பின்னால் பசியில் ஊரிழந்தவர்களும் இருக்கிறார்கள். இதை அன்று வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

இன்று இது பெரிய வியாபாரம் என்பதும் உண்மை. ஆனால் 1950இல் ஃபிலடெல்ஃபியாவில் சில பிள்ளைகள் மிட்டாய்க்குப் பதில் யூனிசெஃபுக்காகக் காசு திரட்டினார்கள். அந்தப் பழக்கம் நாடெங்கும் பரவியது.

ஆகவே மகளே, பையனை அனுப்பு. உன் மாமியார் நவம்பர் 2 அன்று மாமனார் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவார் அல்லவா? அதுவும் இதுவும் அருகருகே வரும் நாட்கள், ஒரே நினைவின் கிளைகள் என்று அவரிடம் பக்குவமாகச் சொல். பையன் வேஷம் போடும்போது அவன் தாத்தாவின் பெயரையும், அவர் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லி அனுப்பு. உன் வாசலுக்கு வரும் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளையானாலும் வெறுங்கையோடு திருப்பாதே.

அன்றைக்குக் கேட்டு, "உட்கார்" என்ற பதில் வாங்கிய அந்த மாணவன் இதைப் படித்தால், சார் பதில் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளட்டும்.