ஸ்டீயரிங்குக்குத் தோல் வந்த கதை

தஞ்சோங் மாலிம் என்றதும் ஒரு காலத்தில் ஆசிரியர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். 1922ஆம் ஆண்டில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி அங்கே திறக்கப்பட்டது. பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பேராக் எல்லை ஊர், 2004இல் புரோட்டோன் ஜென்-2 வெளிவந்த பிறகு கார் ஊர் என்ற பெயரையும் எடுத்தது. ஆனால் நேயர்களே, காருக்கும் பேராக் தோட்டப்புறங்களுக்கும் உள்ள உறவு அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தையது. விடிவதற்கு முன்பே எழுந்து நம் பாட்டன் பாட்டிமார் சீவிய கித்தாப் பால் டயராகப் போனது எல்லாருக்கும் தெரியும். அந்த ரப்பர் கார் டிரைவரின் கைப்பிடிக்குள்ளும் போனது. அது பலருக்குத் தெரியாது.

தொடக்கத்தில் கார்களுக்கு வட்டமான ஸ்டீயரிங்கே இல்லை. படகின் சுக்கானைப் போல ஒரு கம்பியைப் பிடித்துத் திருப்பினார்கள். 1894இல் பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த போட்டியில் ஆல்பிரெட் வாஷெரோன் என்பவர் தம் பன்ஹார்ட் காரில் வட்ட ஸ்டீயரிங்கைப் பொருத்தி ஓட்டினார். பிறகு மரத்தில் செய்தார்கள். அதன் பிறகுதான் ரப்பர் வந்தது.

டயருக்கான ரப்பரில் கந்தகம் கொஞ்சமாகவே சேரும். நூறு பங்கு ரப்பருக்கு முப்பது பங்கு அளவில் கந்தகத்தைச் சேர்த்து நீண்ட நேரம் சூடாக்கினால் அது மரக்கட்டைபோல் இறுகிவிடும். எபோனைட் என்பது இதுதான். இரும்பு வளையத்தின் மேல் இந்தக் கெட்டி ரப்பரை வார்த்து, அமெரிக்கக் கார்கள் பலவற்றுக்கு ஸ்டீயரிங் செய்தார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். வயதாக ஆக ரப்பர் சுருங்கும், உள்ளேயுள்ள இரும்பு சுருங்காது. விளைவு, வெடிப்பு. வெடித்த விளிம்பு உள்ளங்கையைக் கீறும். வியர்த்தால் வழுக்கும்.

அப்படியானால் அதன் மேல் தோலைச் சுற்றியிருக்கலாமே? அந்தக் காலத்தில் தோல் ஆடம்பரப் பொருள் அல்ல. இன்றைக்கு 'லெதர் சீட்' என்றால் விலை கூடுகிறது. அன்றைய பெரிய சொகுசுக் கார்களிலோ, முதலாளி உட்காரும் பின்னிருக்கைக்குத்தான் உயர்ந்த கம்பளித் துணி. மழையிலும் வெயிலிலும் வேலை செய்யும் டிரைவரின் முன்னிருக்கைக்குத்தான் தோல், ஏனென்றால் அது உழைக்கும். ஆனாலும் அதே டிரைவர் நாள் முழுதும் பிடித்திருந்த வளையத்துக்கு ஒரு மென்மை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை!

அந்தத் தேவையை முதலில் உணர்ந்தவர்கள் பந்தய வீரர்கள். கயிற்றைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். 1960களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஜியான்பியரோ மொரெட்டி தம் பந்தயக் காருக்காகக் கைக்கு நிறைவாகப் பருமனான தோல் ஸ்டீயரிங் ஒன்றைச் செய்வித்தார். அது ஃபெராரி வீரர் ஜான் சர்டீசுக்குப் பிடித்துப்போனது. 1964இல் சர்டீஸ் உலகப் பட்டம் வென்றார். மொரெட்டி தொடங்கிய 'மோமோ' என்ற பெயரும் உலகெங்கும் பரவியது.

மெத்தையின் இன்னொரு பாதி இரத்தத்தில் எழுதப்பட்டது. பழைய கார்களின் ஸ்டீயரிங் தண்டு வளையாத இரும்பு. முன்பக்கம் மோதினால் அது ஈட்டிபோல் டிரைவரின் நெஞ்சுக்கு நேராக வரும். 1956இல் ஃபோர்டு நிறுவனம் நடுப்பகுதி உள்ளடங்கிய ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்தது. 1959இல் மெர்சிடிஸ் தன் புதிய காரின் ஸ்டீயரிங் நடுவில் மெத்தை வைத்தது. மோதினால் மடங்கும் தண்டு 1967ஆம் ஆண்டு மாடல்களில் அமெரிக்காவில் பரவியது. 1968இல் அங்கே அதற்கான பாதுகாப்பு விதிகள் நடப்புக்கு வந்தன. ஆகவே பழைய காரின் மெத்தையை வெறும் அலங்காரமாகக் கருதிக் கழற்றி எறிவது தவறு.

தோல் என்று வந்தால் தமிழ்நாட்டை விட்டுவிட முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு வருகிறார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. குரோமியம் உப்பால் பதனிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தது. குரோம் லெதர் கம்பெனியின் பெயரால்தான் இன்றைய குரோம்பேட்டை. 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஸ்டீயரிங்குக்குப் பெரும்பாலும் இந்தக் குரோம் தோலே வசதி. அது இழுத்தால் இசைந்து கொடுக்கும், வியர்வையையும் தாங்கும்.

பழைய மோரிஸ் மைனரையோ வோல்வோவையோ காப்பாற்றி வைத்திருப்பவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் குஷன் கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. வெடிப்பை முதலில் எபோக்சியால் அடைத்து, காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். வெடிப்பை அப்படியே விட்டு மேலே தோல் போட்டால், சில மாதங்களில் அதே இடத்தில் தோல் தேயும். நுரைப்பஞ்சு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவையில்லை. கெட்டியான மெத்தை கேட்டு அடம்பிடிப்பவர்கள் உண்டு. பிடி பருத்துப்போனால் விரல்கள் சுற்றி வளைக்காது, பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் அது ஆபத்து. தோல் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். வளையத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக வெட்டி, ஈரப்படுத்தி, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். தையல் வளையத்தின் உட்பக்கத்தில் விழவேண்டும், உள்ளங்கையில் உறுத்தக் கூடாது. பருத்தி நூல் வியர்வையில் மக்கும். மெழுகு தடவிய பாலியெஸ்டர் நூலே நிற்கும். சந்தையில் விற்கும் மாட்டுறை திருப்பும்போது நழுவும், அதை நம்பக் கூடாது. ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கைக் குஷன் கடையில் கழற்றச் சொல்லக் கூடாது. அது பயிற்சி பெற்ற பட்டறையின் வேலை.

1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமான புரோட்டோன் சாகாவும் இப்போது பழைய கார் வரிசைக்கு வந்துவிட்டது. அதன் சாதாரண ரகங்களில் பிளாஸ்டிக் ஸ்டீயரிங்தான், தோல் கிடையாது. அதற்குத் தோல் போடுவது மறுசீரமைப்பு ஆகாது என்று சிலர் வாதிடுகிறார்கள். வாதம் சரியே. ஆனாலும் தினமும் ஓட்டும் காராக இருந்தால் பசையை அறவே தவிர்த்து, நூலால் மட்டும் இழுத்துத் தைத்துக்கொள்ளலாம். என்றைக்காவது அந்தக் கார் கண்காட்சிக்குப் போக நேர்ந்தால் தையலைப் பிரித்துவிடலாம், உள்ளே அசல் வளையம் கீறல் இல்லாமல் இருக்கும்.